பெண் கொடுத்த வழியிலும் வரும்: குடும்பவழிப் பெருங்குடல் புற்றுநோய் குறித்துக் கேள்வி பதில்

கேள்விகள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்தாருடையவை. பதில் அளிப்பவர் குடல்நோய் மருத்துவர்.

கும்பகோணம், 34 வயதுப் பெண்: என் அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். அத்தை கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். தாத்தாவுக்கு ‘வயிற்றில் கட்டி’ என்று மட்டும் சொல்கிறார்கள். நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், ஆனால் முதலில் அல்ல. உயிரணு பிரியும்போது மரபுக்குறிப்பில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் சில உண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதை லிஞ்ச் நோய்க்குறி என்கிறோம். அது பெருங்குடலோடு கர்ப்பப்பை, இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றையும் தாக்கும். எனவே அத்தைக்கு வந்தது கர்ப்பப்பையின் உட்சுவரிலா, வாய்ப்பகுதியிலா என்பதைப் பழைய காகிதங்களில் பாருங்கள். வாய்ப்பகுதி என்றால் இந்தக் கணக்கில் அது சேராது. மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், உட்சுவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அப்பாவின் அறுவை நடந்த மருத்துவமனையில், வெட்டியெடுத்த கட்டியின் மெழுகு ‘பிளாக்’கைக் கேளுங்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தத் துண்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருப்பார்கள். மேற்சொன்ன நான்கு மரபணுக்களின் புரதங்களும் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பார்கள். எம்.எல்.எச்.1 மட்டும் (அதன் இணையான பி.எம்.எஸ்.2-உடன்) காணப்படாவிட்டால் உடனே பரம்பரை என்று முடிவு செய்துவிடக் கூடாது, வயதாக ஆக அந்த மரபணு தானே அடங்கிப்போவதும் உண்டு என்பதால், கட்டியில் பிராஃப் என்னும் மரபணுவின் மாற்றமோ, மெத்திலேற்றமோ (மரபணுவை அடக்கும் வேதிக்குறி) உண்டா என்று சோதித்து அதை விலக்க வேண்டும்.

அதன்பின் அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை. அவரிடம் ஒரு குறிப்பிட்ட பழுது தெரிந்துவிட்டால், உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அது இல்லையென்றால் உங்கள் அபாயம் மற்றவர்களுடையதைப் போன்றதே. அப்பாவைச் சோதிக்காமல் உங்களைச் சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால், அதைக் கொண்டு நிம்மதி கொள்ள இயலாது.

திருத்துறைப்பூண்டி, 29 வயது ஆண்: தாய்மாமனுக்கு 44 வயதில் இந்த நோய் வந்து, பரம்பரைப் பழுது என்று உறுதியாகியிருக்கிறது. அது அவர்கள் வீட்டு நோய், நம் பங்காளிகளில் யாருக்கும் இல்லை என்கிறார் அப்பா.

பங்காளி கணக்கு சொத்துக்கும் தீட்டுக்கும் சரி; மரபணுவுக்குப் பொருந்தாது. பழுது உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி. உங்கள் அம்மா நோயின்றி இருந்தாலும் பழுதைச் சுமந்து உங்களுக்குக் கொடுத்திருக்கலாம். நான் குடும்ப வரைபடம் எழுதச் சொல்லும்போது பலர் மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களைத் தயக்கமின்றிச் சொல்வார்கள். கட்டிக்கொடுத்த அத்தைமார் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று கேட்டால் மௌனம்தான். அம்மாவை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மன்னார்குடி, 47 வயதுப் பெண்: எனக்கு எம்.எஸ்.எச்.2 பழுது இருக்கிறது. என் அப்பாவிடமிருந்து வந்தது. 24 வயதாகும் என் மகளை என் தம்பிக்கே கொடுக்கப் பேசியிருக்கிறோம். ஏதேனும் தடை உண்டா?

நல்லவேளையாகத் தட்டு மாற்றும் முன் கேட்டீர்கள். உங்கள் மகளிடமும் தம்பியிடமும் அதே பழுது தனித்தனியே இருப்பதற்கு இடமுண்டு. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) பழுதாகச் சேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிச் சேர்ந்தால் இளவயதிலேயே மூளைக்கட்டி, இரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் வரக்கூடும். அவர்களில் ஒருவரிடமேனும் பழுது இல்லையென்று தெரிந்தால் இந்த அபாயம் எழாது. சோதிப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் விவரம் அறிந்து முடிவு செய்யட்டும். பெரியவர்கள் நிர்ப்பந்திக்கக் கூடாது.

மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் முடிப்பது வழக்கமான நம் ஊர்களில், மியூடிவொய்எச் என்னும் மரபணுவையும் நினைவில் கொள்ள வேண்டும். அதில் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும் என்பதால், பெற்றோர் இருவரும் நோயின்றி இருக்க, உடன்பிறந்தவர்களில் சிலருக்கு மட்டும் குடலில் பாலிப்புகள் (பின்னர் புற்றாக மாறக்கூடிய சிறு சதைவளர்ச்சிகள்) பெருகும்.

மயிலாடுதுறை, 39 வயது விவசாயி: அண்ணனுக்கு 42 வயதில் பெருங்குடல் புற்றுநோய். எனக்கு ஆறு மாதமாக மலத்தில் இரத்தம். மூலம் என்று களிம்பு கொடுத்திருக்கிறார்கள். எந்த வயதில் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும்?

இந்த வாரமே. அறிகுறி வந்தபின் வயதுக் கணக்கு இல்லை. மூலமும் புற்றுநோயும் ஒருவருக்கே இருக்கலாம்.

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சோதனை வீண். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். கீரை, கொய்யா, விதையுள்ள கத்தரிக்காய் மூன்று நாள் வேண்டாம். சோதனைக்கு முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் கலக்காத தேநீர் போன்ற தெளிந்த நீராகாரம் மட்டும். பேதி மருந்தில் பாதியைச் சோதனை நாள் காலையில் குடிக்கச் சொல்வதால், கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வர நினைக்காதீர்கள். முந்தைய நாளே நகரத்து உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

தஞ்சாவூர், 31 வயதுப் பெண்: எம்.எல்.எச்.1 பழுது உறுதியாகிவிட்டது. நோய் வந்தே தீருமா?

இல்லை. ஆயினும் பொதுவாகப் பாலிப் புற்றாக மாறப் பத்தாண்டு அளவில் ஆகும்; லிஞ்ச் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே போதும். ஆகவே எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 உள்ளவர்கள் 20–25 வயதிலிருந்து ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். மற்ற இரண்டுக்கும் 30–35 வயதில் தொடங்கலாம். பார்க்கும்போதே பாலிப்பை எடுத்துவிடுவார்கள். குழந்தைப்பேறு முடிந்தபின், 40 வயதையொட்டி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பது பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். அதற்குமுன் முறை தவறிய உதிரப்போக்கை அலட்சியப்படுத்த வேண்டாம்.

தினமும் 600 மி.கி. ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட லிஞ்ச் நோய்க்குறியினரிடம் ஆண்டுகள் கழித்துப் பெருங்குடல் புற்று குறைந்ததை ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதன் நீண்டகால முடிவு 2020-இல் வெளிவந்தது. ஆனால் இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்கும் மருந்து அது. மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நாகப்பட்டினம்: கணவருக்கு ஏ.பி.சி. மரபணுப் பழுதால் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் வந்து, பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். மகனுக்கு 11 வயது. பெரியவனாகும் வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். லிஞ்ச் என்றால் பிள்ளை வயதுக்கு வந்து தானே முடிவு செய்யட்டும் என்பேன், இது அப்படியல்ல. பாலிப்புகள் பத்து வயதையொட்டியே தொடங்கலாம், கவனிக்காவிட்டால் 50 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் புற்றாகும். மகனுக்கு இப்போதே இரத்தச் சோதனை செய்யலாம். பழுது இல்லையென்றால் குழாய் விட்டுப் பார்க்கும் தொல்லையே அவனுக்கு இல்லை. கணவரின் முன்சிறுகுடலையும் குறித்த இடைவெளியில் பார்த்துவர வேண்டும்.

திருவாரூர்: என் அறிக்கையில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று இருக்கிறது. குடலை எடுத்துவிடலாமா?

கூடாது. அந்த மாற்றத்தை நோயாகவும் கொள்ள முடியாது, நோயின்மையாகவும் கொள்ள முடியாது. உங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்பதைக் கொண்டே இப்போதைக்குக் கண்காணிப்பு அமையும். ஆய்வகங்கள் இத்தகைய மாற்றங்களைப் பிற்பாடு மறுவகைப்படுத்துவதுண்டு. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, அறிக்கை எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.