பதில்: ரீசெட் லிங்க் திறக்குறதுக்கு முன்னாடியே காலாவதி ஆகுது

பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க்கைத் தொட்டதுமே "ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது"ன்னு வருதுன்னா உங்க மேல தப்பே இல்லங்க. கேம்பஸ் மெயில் சர்வர் ஒவ்வொரு லிங்க்கையும் தன்னோட முகவரி வழியா போற மாதிரி மாத்தி வச்சு, ஆபத்து இருக்கான்னு பார்க்க உங்களுக்கு முன்னாடியே ஒரு தடவை திறந்துடுது, ஒரே தடவை வேலை செய்யுற லிங்க் அங்கயே செத்துப்போகுது. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் கடைசி நாள்ல எனக்கும் இதே கதி, வயிறெரிஞ்சுபோச்சு.

கேம்பஸ் மெயில் ஜிமெயிலுக்குத் தானா ஃபார்வேர்ட் ஆகுற மாதிரி வச்சா ஸ்பேமுக்குப் போறதும் பெரும்பாலும் சர்வர் இப்படி மெயிலை மாத்துறதனாலதான். அனுப்புன சர்வர் போட்ட டிகேஐஎம் கையெழுத்து (மெயில் வழியில மாறலைன்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை) மெயில்ல இருக்குற எழுத்தை வச்சு கணக்குப் போட்டது, மேல "வெளியிலிருந்து வந்த மெயில்"னு ஒரு வரி சேர்ந்தாலே ஒத்துப்போகாது.

அந்த சைட்டோட டொமைனை இந்த லிங்க் சோதனையிலிருந்து விலக்குற பட்டியல்ல சேர்க்கச் சொல்லி ஐடி ஆளுங்களுக்கு எழுதுங்க, மாறின மெயிலோட முழு ஹெடரையும் (மெயில் எந்தெந்த சர்வர் வழியா வந்துச்சுன்னு காட்டுற மேல்பகுதி) கூடவே அனுப்புங்க. அதுவரைக்கும் லிங்க்குக்குப் பதிலா ஓடிபி வர்ற வசதி இருந்தா அதை எடுத்துக்கோங்க.