சோக் எடுத்தா வண்டி ஆஃப் ஆகுதா? இன்ஜினை இறக்க விடாதீங்க

கேள்வி: அப்பாவோட ஸ்ப்ளெண்டர், 2013 மாடல், ஊர்ல நிக்குது. நான் சென்னைல இருக்கேன், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா எடுப்பேன். இப்ப சோக் போட்டாதான் ஓடுது, எடுத்தா திணறி ஆஃப் ஆயிடுது. முறுக்கிட்டே இருந்தா பரவால்ல, சிக்னல்ல நிறுத்தினா போச்சு. மெக்கானிக் போர் வேலை பாக்கணும், ஒன்பதாயிரம் ஆகும்கிறாரு. செய்யலாமா?

வேணாம். முதல்ல வண்டிய அந்த கடையில இருந்து எடுத்துட்டு வாங்க.

நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. சோக்னா என்ன, காத்தை அடைச்சு பெட்ரோலை கூட விடுறது, அவ்ளோதான். சோக் போட்டா ஓடுது எடுத்தா ஓடலன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், போர், அதாவது இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ஏறி இறங்குற குழல், தேஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. போர் போன வண்டி சைலன்சர்ல நீலமா புகை விடும், ஆயிலைக் குடிக்கும், கிக்கரை மிதிச்சா கால்ல கனமே தெரியாது. இதுல ஒண்ணு கூட நீங்க சொல்லல, அப்புறம் எதுக்கு இன்ஜினை இறக்கணும்?

நடந்தது என்னன்னா, காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்பரேட்டருக்கு அடியில ஒரு கப்பு இருக்கு, அதுல எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் நிக்கும், ரெண்டு மாசம் வண்டி அசையாம நின்னா அது ஆவியாகி மிச்சம் பிசின் மாதிரி ஒட்டிக்கும். அந்த பிசின் முதல்ல அடைக்கிறது உள்ள இருக்கிற ஸ்லோ ஜெட்ங்கிற குட்டி பித்தளைக் குழாயை, ஏன்னா அதோட ஓட்டை ரொம்பச் சின்னது. வண்டி ஸ்டார்ட்ல நிக்கும்போது, மெதுவா போகும்போது பெட்ரோல் குடுக்கிறது இந்த ஜெட்டுதான். முறுக்கினா மெயின் ஜெட் வேலை செய்யும், அது பெரிய ஓட்டை, அவ்ளோ சீக்கிரம் அடைக்காது. அதான் சிக்னல்ல மட்டும் சாகுது.

இதோட பெட்ரோல்ல வேற இப்ப 20 சதவீதம் எத்தனால். 2030ல வரவேண்டியதை இழுத்து 2025லயே நாடு முழுக்க ஊத்தியாச்சு, 2013 மாடல் வண்டி வச்சிருக்கவன் என்ன பண்ணுவான்னு ஒருத்தரும் யோசிக்கல, ஊர் பங்க்ல போய் எத்தனால் இல்லாத பெட்ரோல் குடுங்கன்னு கேட்டா ஏற இறங்க பாப்பாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியையும் கூட்டிட்டு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும். தினமும் ஓடுற வண்டிக்கு இது பெருசா தெரியாது, நிக்கிற வண்டிக்குத்தான் வினை.

நீங்களே பாக்கலாம். இன்ஜின் ஆறினதும் வெளிய வெட்டவெளியில நிறுத்தி, பக்கத்துல பீடி சிகரெட் யாரும் இல்லாம பாத்துக்கிட்டு, பெட்ரோல் டேப்பை மூடிட்டு, கப்புக்கு அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை கொஞ்சமா லூஸ் பண்ணி வர்றதை ஒரு பழைய கண்ணாடி பாட்டில்ல புடிங்க. அஞ்சு நிமிஷம் ஆடாம வைங்க. அடியில தனியா ஒரு கோடு தெரிஞ்சா தண்ணி. துருத் தூள் கிடந்தா டேங்கையும் கழுவணும். நல்ல பெட்ரோல் மூக்குல சுருக்குனு ஏறும், கெட்டுப்போனது பெயின்ட் கடை மாதிரி நாறும்.

அப்புறம் டேங்க்ல இருக்கிறதை மொத்தமா இறக்கிட்டு புதுசு ஊத்துங்க. கார்பரேட்டரை கழட்டி ஸ்ப்ரே அடிச்சு காத்து புடிச்சா வேலை முடிஞ்சுது. ப்ளக்கையும் ஏர் ஃபில்டரையும் பாத்துக்கச் சொல்லுங்க. எல்லாம் சேத்து சில நூறு ரூபா வேலைதான், அதனாலதான் இதைச் செய்ய ஆளுக்கு மனசு வரமாட்டேங்குது. இதுல ஒரு கண்டிஷன், பக்கத்துலயே நின்னு பாருங்க. நம்மாளுங்க கிளட்ச் கேபிள்ல ஒரு இழையைப் பிச்சு ஜெட்டுக்குள்ள விட்டுக் குத்துவாங்க, பித்தளை ஓட்டை பெருசாயிடும், அதுக்கப்புறம் மைலேஜ் எட்டிப் பாக்காது. ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் "கார்பரேட்டர் போச்சுண்ணே, புதுசு போடணும்"னு டூப்ளிகேட் ஒண்ணை மாட்டி விடுவாரு, ஒரிஜினலை எடுத்து வச்சுக்குவாரு. பழைய பார்ட்டை கையோட வாங்கிட்டு வாங்க. கிளீனர்னு பங்க்ல நீட்டுற குட்டி பாட்டிலை ஊத்தினாலும் காஞ்சுபோன பிசின் கரையாது, காசு தண்டம்.

ஒரே ஒரு இடத்துல நான் சொன்னது செல்லாது, டூ ஸ்ட்ரோக்ங்கிற பழைய வகை இன்ஜின். ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டியை ஆசைக்கு வச்சிருக்கவங்க இதைப் படிச்சிட்டு கார்பரேட்டரையே நாலு தடவை கழட்டுவாங்க, சரியாகாது. அதுல கிராங்குக்கு, அதாவது பிஸ்டன் சுத்திவிடுற தண்டுக்கு, ரெண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கு, வண்டி நின்னே கிடந்தா ரப்பர் காஞ்சு விறைச்சுப் போகும். கரண்ட் எடுக்கிற மேக்னட் பக்கத்து சீல் போனா அந்த வழியா காத்தை இழுக்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் உடனே இறங்காது, தானா ஏறும். கிளட்ச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையா புகையைத் தள்ளும். காத்து இழுக்கிற வண்டியை அப்படியே முறுக்கி ஓட்டினா பிஸ்டன் புடிச்சுக்கும். என்கிட்ட ஒருத்தர் மூணு ஜெட் மாத்திட்டு வந்தாரு, போனது என்னமோ சீல்தான். உங்களுது ஃபோர் ஸ்ட்ரோக், இந்தக் கவலை உங்களுக்கு இல்ல.

இனிமே ஊர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பும்போது டேப்பை மூடிட்டு வண்டியை ஸ்டார்ட்ல விட்டுடுங்க, கப்பு காலியாகி தானா ஆஃப் ஆகட்டும். டேங்கை ரொப்பி வைங்க, பாதி டேங்க்னா உள்ள காத்து நின்னு வேர்த்துத் துருப்புடிக்கும். அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, வாசல்ல வச்சு ரெண்டு நிமிஷம் உர்ருன்னு விட்டுட்டு ஆஃப் பண்றது வேண்டாம், அதுல சைலன்சருக்குள்ள தண்ணி கோத்துக்கிறதுதான் மிச்சம். முடிஞ்சா வாரம் ஒரு நாள் பத்து கிலோமீட்டர் ஓட்டட்டும், முடியலன்னா தொடவே வேணாம்.