நன்கொடை ஷூ: பார்க்கப் புதிது, ஓடினால் அடி பிளக்கிறது

நன்கொடையாக வந்த ஷூக்களைக் கழுவி, ஓடும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்; அடி பிளப்பதற்குக் கழுவியதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கழுவிய விதத்தில் தவறு இருக்காது. ஷூக்கள் வருடக்கணக்கில் சும்மா கிடந்ததுதான் காரணமாக இருக்கும். அதிகம் போடாத ஜோடிகளே பிள்ளைகள் ஓடியதும் பிளக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் நடு அடி, அதாவது பாதத்துக்கும் தரையைத் தொடும் அடிக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற அடுக்கு, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாக இருக்க வாய்ப்பு அதிகம். போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைத்துவிடும்.

கொடுப்பதற்கு முன் முன்பாதம் மடங்கும் இடத்தில் நன்றாக வளைத்துப் பாருங்கள். அப்புறம் நடு அடியின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசலோ பொடியோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். அதில் பசை நிற்காது. நுரை உறுதியாக இருந்து ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் சரி, ஷூ பசையால் ஒட்டிக் கொடுக்கலாம்.

இதில் தேறிய பழைய ஜோடியும் ஓட்டத்தில் பிரியக்கூடும். பந்தயத்துக்கு முன்பே பிள்ளைகளைப் பயிற்சியில் போட்டு ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள்.