புரை ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள்: சொட்டு மருந்தை மெடிக்கல்காரர் மாற்றித் தரலாமா?

கேள்வி: நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறவர். பன்னிரண்டு நாளுக்கு முன் மலைக்கு மேலே கேரளத்து ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. பார்வை நன்றாக வந்தது. மூன்று நாளாக மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, லேசாகச் சிவந்தும் இருக்கிறது. குலுக்கிப் போடச் சொன்ன பால் நிறச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. மெடிக்கலில் "இது இன்னும் நல்லது, ரெண்டு மருந்தும் ஒண்ணா இருக்கு" என்று வேறு கொடுத்தார்கள். கண் பிரஷருக்காக இரண்டு கண்ணிலும் ராத்திரி போடும் பழைய சொட்டு மருந்தை, மருந்து அதிகமாகிவிடுமோ என்று நிறுத்தி வைத்திருக்கிறோம். கண்ணாடி விற்கிற தெரிந்த ஒருவர், கண்ணாடி போட்டால் உறுத்தல் போய்விடும் என்கிறார். அம்மா எப்போது வேலைக்குப் போகலாம் சிஸ்டர்?

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு சோதனை. சுவரில் தொங்கும் காலண்டருக்கு எதிரே அம்மாவை உட்கார வையுங்கள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். போன வாரம் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால், அல்லது வலி ஏறிக்கொண்டே போகிறது, சிவப்பு கூடுகிறது, பீளை தள்ளுகிறது என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். இந்த ராத்திரியே வண்டி பிடியுங்கள். ஆபரேஷன் செய்த இடம் தூரம் என்றால் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கோ க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

பார்வை அப்படியே இருந்து, உறுத்தல் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் கண் வறட்சியோ ஆபரேஷன் காயத்தின் உறுத்தலோதான் காரணம். ஆனாலும் உங்கள் அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அதற்குக் காரணம் அந்த மூன்று பாட்டில்கள்.

தீர்ந்துபோன மருந்திலிருந்து தொடங்குகிறேன். 5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய நூறு சொட்டு இருக்கும். முதல் வாரம் நாளுக்கு ஆறு, அடுத்த வாரம் ஐந்து என்று குறைத்துக்கொண்டே வருவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம் (உங்கள் தாளில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் கணக்கு). அந்தக் கணக்கில் பன்னிரண்டு நாளுக்கு எழுபது சொட்டுக்குள்தான் ஆகும். நூறும் தீர்ந்துவிட்டது என்றால் மிச்சம் அம்மாவின் கன்னத்தில் வழிந்திருக்கிறது. இது அவருடைய தப்பு இல்லை. வார்டில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் போடுவார்கள், யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்லை.

அம்மா தானே போட வேண்டாம், நீங்கள் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அம்மாவைப் படுக்க வைத்து மோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை போல விரியும். ஒரே ஒரு சொட்டு அதில் விழ வேண்டும். கண் பிடித்து வைத்துக்கொள்வதே ஒரு சொட்டுக்கும் குறைவுதான், இரண்டாவது சொட்டு வீண். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. போட்டதும் கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. பால் நிற மருந்தை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் போட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீர், கடைசி வாரம் கெட்டி மருந்து.

இனி மெடிக்கல்காரர் கொடுத்தது. பாட்டிலைக் கையில் எடுங்கள். சின்ன எழுத்தில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால், இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு, வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து. ஆஸ்பத்திரி கொடுத்ததும் ஸ்டீராய்டுதான், ஆனால் அது எத்தனை சொட்டு, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று அளந்து கொடுத்தது. கடையில் வாங்கியதற்கு அளவும் இல்லை, முடிவும் இல்லை. "உறுத்துதா? போடுங்க. சிவப்பா இருக்கா? போடுங்க." போட்ட மறுநாளே சிவப்பு குறைந்துவிடும், மருந்து பிரமாதம் என்று அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுப்போம். உள்ளே கண்ணின் அழுத்தம் ஏறுவது யாருக்கும் தெரியாது, வலிக்காது.

தோட்டத்தில் களை எடுக்கும்போது ஏலச் செடியின் இலை கண்ணில் குத்திய ஒரு பெண்ணை நான் மறக்க மாட்டேன். கடையில் கொடுத்த சொட்டு மருந்தைப் பத்து நாள் போட்டிருந்தார். இலை, தட்டை, நெல் இதெல்லாம் குத்திய கண்ணில் பூஞ்சைப் புண் வரும். அதில் ஸ்டீராய்டு போடுவது புண்ணுக்குத் தீனி போடுகிற மாதிரி. எங்களிடம் வந்தபோது கருவிழி வெள்ளையாகியிருந்தது. முப்பத்தாறு வயது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை இருமல் மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள், சோதிக்க வேண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் இது மாறவில்லை. அதனால் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது: அந்தப் பாட்டிலைப் போடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

புரை ஆபரேஷனுக்குப் போட்ட சொட்டு மருந்தெல்லாம் நான்கு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடும். நிற்கக் கூடாத மருந்து ஒன்று உண்டு. நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் அந்தப் பிரஷர் மருந்துதான் அது.

இதை மெதுவாகச் சொல்கிறேன், இதில்தான் எனக்குக் கவலை. கண் பிரஷர் என்று நாம் சொல்வதை டாக்டர்கள் குளுக்கோமா என்பார்கள். ரத்த பிரஷர் வேறு, இது வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். ஓரப் பார்வை முதலில் போகும், அதனால் தெரியாது. புரையில் போன பார்வை ஆபரேஷனில் திரும்பும். இதில் போனது திரும்பாது. அதனால்தான் மருந்து வாழ்நாள் முழுக்க. புரை எடுத்தாயிற்று, கண் சரியாகிவிட்டது, இனி அந்த மருந்து எதற்கு என்று தோன்றும். புரை வேறு, அழுத்தம் வேறு. சில நேரம் டாக்டரே ஆபரேஷன் ஆன கண்ணில் மட்டும் சில வாரம் நிறுத்தச் சொல்வார், அல்லது வேறு மருந்து மாற்றுவார். அப்போதும் அடுத்த கண்ணுக்கு நிறுத்தச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் நீங்களே நிறுத்தக் கூடாது. இடது கண்ணுக்கு இன்று ராத்திரியே மறுபடி தொடங்குங்கள், அந்தக் கண்ணில் யாரும் கை வைக்கவில்லை. வலது கண்ணுக்கு என்ன என்பதை ஆஸ்பத்திரிக்கு இப்போதே போன் போட்டுக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் நாளை நேரில். ஸ்டீராய்டு போகும் கண்ணில் அழுத்தம் ஏறும் வாய்ப்பு குளுக்கோமா உள்ளவர்களுக்குத்தான் அதிகம், அதே நேரத்தில் அழுத்த மருந்தையும் நிறுத்தியிருக்கிறீர்கள். நாளை போனதும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களாகப் பார்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

உங்களிடம் இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று சொல்லியிருக்க வேண்டும். கையில் கொடுத்த தாள் இங்கிலீஷிலும் மலையாளத்திலும்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கம்பமெட்டு வழியாகத் தினமும் எத்தனை ஜீப் தமிழ்ப் பெண்கள் மலை ஏறுகிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று படம் போட்டுக் கொடுத்தால்கூடப் போதும். நாளை போகும்போது, தாளைத் தமிழில் எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

கண்ணாடி சொல்கிற அந்தத் தெரிந்தவருக்கு வருகிறேன். கண்ணாடி போட்டால் உறுத்தல் போகாது. காயம் ஆறி, பவர் ஒரு இடத்தில் நிற்க ஐந்தாறு வாரம் ஆகும். இப்போது அளவெடுத்துப் போட்டால் அடுத்த மாதம் அது உதவாது, இரண்டாவது கண்ணாடிக்கும் அவரிடமே போய் நிற்பீர்கள். கண் முகாம் முடிந்த ஊரில் இந்த ஆட்கள் வீடு தேடி வருவார்கள். "உள்ளே வெச்சது உள்ளூர் லென்ஸ், சீக்கிரம் மங்கிடும், மாத்தணும்" என்றும் ஆரம்பிப்பார்கள். மதுரை ஆரோலேப் கம்பெனி 1992 முதல், புரையை எடுத்த இடத்தில் கண்ணுக்குள் வைக்கும் இந்த லென்ஸைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. உள்ளூர் என்பதால் மட்டமில்லை. மாதங்களோ வருஷங்களோ கழித்து மங்கலாகிறது என்றால் மங்குவது லென்ஸ் இல்லை, அதன் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு. சில நிமிட லேசரில் அதைச் சரி செய்வார்கள், லென்ஸை எடுக்க வேண்டியதில்லை. லென்ஸ் பவர் ஒட்டிய அட்டையை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

வேலைக்கு ஆறு வாரம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு. தோட்டத்து இலையும் மருந்தடிப்பும் ஜீப் தூசியும் மூட்டை தூக்குவதும் இந்தக் கண்ணுக்கு ஆகாது. மேஸ்திரி ஆள் அனுப்பினால் ஆபரேஷன் தாளைக் காட்டுங்கள். டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சலூனில் போல் பின்னால் சாய்த்துக் கழுவலாம். கண்ணை மூடும் ஷீல்டு கொடுத்திருந்தால் தூங்கும்போது ஒட்டிவிடுங்கள். டிவி பார்க்கலாம். கத்திரிக்காய், கருவாடு என்று எந்தப் பத்தியமும் வேண்டாம், சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் கண் பக்கம் போகக் கூடாது.

நாளை கிளம்பும்போது ஒரு பையில் காலிப் பாட்டில், மெடிக்கலில் வாங்கியது, பிரஷர் மருந்து, டிஸ்சார்ஜ் தாள், லென்ஸ் அட்டை ஐந்தையும் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணாடிக்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கேளுங்கள்.