‘வில்’லுக்கு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: ‘ஐ வில் ப்ராபப்ளி கம்’ என்றுதான் படித்தேன். ஆனால் பேசும்போது பலர் ‘ஐ ப்ராபப்ளி வோன்ட் கம்’ என்கிறார்கள். ப்ராபப்ளி ஏன் இடம் மாறுகிறது? ஆல்வேஸ், ரியலி போன்ற சொற்களை வில், கேன், ஷுட் ஆகியவற்றோடு எந்த வரிசையில் வைப்பது?

பதில்: இரண்டு வாக்கியமுமே சரி. இடம் மாறுவதற்குக் காரணம், ‘வோன்ட்’டுக்குள் ஒளிந்திருக்கும் ‘நாட்’. அதற்கு முன், இந்தச் சொற்களின் வழக்கமான இடத்தைப் பார்த்துவிடுவோம்.

கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் என்ற ஒன்பதும்தான் முழுமையான மோடல் வெர்புகள், அதாவது முக்கிய வினையோடு சேர்ந்து ‘முடியும்’, ‘வேண்டும்’, ‘கூடும்’ போன்ற பொருளைத் தரும் துணைவினைகள். ஆல்வேஸ், நெவர், ஆல்சோ, ப்ராபப்ளி, டெஃபினட்லி போன்ற ஆட்வெர்புகள் (வினையுரிச்சொற்கள்) மோடலை அடுத்து, முக்கிய வினைக்கு முன்னால் உட்காரும். ‘யூ ஷுட் ஆல்வேஸ் செக் த டேட்.’ ‘ஷி கேன் ஆல்சோ டிரைவ்.’ கேள்வியாக்கும்போது மோடல் மட்டும்தான் முன்னால் நகரும். ஆட்வெர்ப் எழுவாய்க்குப் பின்னாலேயே இருக்கும்: ‘ஷுட் ஐ ஆல்வேஸ் செக் த டேட்?’

மோடலுக்குப் பின் ஹேவ், பீன் எல்லாம் வரிசைகட்டி வந்தாலும் ப்ராபப்ளி, டெஃபினட்லி போன்றவை மோடலை ஒட்டியே நிற்பதுதான் இயல்பு: ‘ஹி வில் ப்ராபப்ளி ஹேவ் லெஃப்ட்.’ வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் ஆட்வெர்ப் அப்படியல்ல. அது கடைசி வினையை ஒட்டிக்கொள்ளும்: ‘இட் ஷுட் ஹேவ் பீன் ப்ராப்பர்லி க்ளீன்ட்.’ இந்த ப்ராப்பர்லியைத் தூக்கி ‘ஷுட்’டுக்குப் பக்கத்தில் வைத்தால் காதுக்கே இடறும்.

இனி ‘நாட்’. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ‘நாட்’டுக்குப் பின்னால் வரும் ஆட்வெர்பை அந்த ‘நாட்’ மறுத்துவிடும், முன்னால் நிற்பதை அதனால் தொட முடியாது.

ப்ராபப்ளி, டெஃபினட்லி, சர்ட்டன்லி மூன்றும் பேசுகிறவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதைச் சொல்பவை. அந்த உறுதியை நாம் மறுப்பதில்லை, வருவதைத்தான் மறுக்கிறோம். அதனால் அவை ‘வோன்ட்’டுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. தமிழிலும் ‘அநேகமாக வர மாட்டேன்’ என்று இதே வரிசையில்தான் சொல்கிறோம். ‘ஐ வோன்ட் ப்ராபப்ளி கம்’ என்பது பிழையாகவே ஒலிக்கும். ‘ஐ வில் ப்ராபப்ளி நாட் கம்’ சரிதான். ஆனால் பேச்சைவிட எழுத்துக்கே அது பொருந்தும்.

ஆல்வேஸ் இதற்கு நேர்மாறு. ‘எப்போதும் வர முடியாது’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: சில நாள் வரலாம், எல்லா நாளும் முடியாது என்பது ஒன்று, ஒரு நாளும் முடியாது என்பது இன்னொன்று. குரலின் அழுத்தத்தை வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம். முதலாவது ‘ஐ கான்ட் ஆல்வேஸ் கம்’. இரண்டாவது ‘ஐ கேன் நெவர் கம்’. தமிழ் வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு ‘ஐ ஆல்வேஸ் கான்ட் கம்’ என்று சொன்னால், கேட்பவருக்கு இரண்டில் எது என்றே பிடிபடாது.

ரியலி இரண்டு இடத்திலும் நிற்கும். அதனால்தான் அதில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஐ ரியலி கான்ட் ஹெல்ப் யூ’ என்றால் ‘சத்தியமாக என்னால் உதவ முடியாது’. கதவை மூடுகிற பேச்சு. ‘ஐ கான்ட் ரியலி ஹெல்ப் யூ’ என்றால் ‘என்னால் பெரிதாக உதவ முடியாது’. மென்மையாக நழுவுகிற பேச்சு. மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது, முதலாவதைக் கவனமில்லாமல் எழுதிவிட்டால் நீங்கள் நினைக்காத கடுமை வந்துவிடும்.

பாஸிப்ளியும் இப்படித்தான். ‘ஐ கான்ட் பாஸிப்ளி கம்’ என்றால் வரவே முடியாது என்று பொருள், ‘ஒருவேளை’ என்பதல்ல. அதே சொல் ‘குட் யூ பாஸிப்ளி வெயிட்?’ என்ற கேள்வியில் வந்தால் பணிவு கூட்டும்.

ஹார்ட்லி, நெவர் இரண்டிலும் மறுப்பு உள்ளேயே இருக்கிறது. அதனால் ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ போதும்; ‘கான்ட் ஹார்ட்லி’ என்று எழுத வேண்டாம்.

‘ஹேவ் டு’ பொருளில் ‘மஸ்ட்’ மாதிரி இருந்தாலும் மோடல் அல்ல, சாதாரண வினைபோல நடப்பது. ஆகவே ஆட்வெர்ப் அதற்கு முன்னால் வரும்: ‘ஐ யூஷுவலி ஹேவ் டு வெயிட்.’

வெல், ஃபாஸ்ட் போன்றவை நடுவில் நுழையாமல் கடைசிக்குப் போகும்: ‘ஷி கேன் ஸ்பீக் இங்க்லிஷ் வெல்.’ ‘ஸ்பீக் வெல் இங்க்லிஷ்’ என்று வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்கக்கூடாது. ஆனால் ‘இட் மே வெல் ரெயின்’ என்று எங்காவது படித்தால் திகைக்க வேண்டாம். அங்கே ‘வெல்’லுக்கு ‘நன்றாக’ என்ற பொருள் இல்லை. மழை வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். ‘வி மைட் ஆஸ் வெல் வாக்’ என்பதும் தனி வழக்கு: இதைவிட மேலான வழி தெரியவில்லை, நடந்தே போய்விடலாம்.

எழுத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று: மேபி. சேர்த்து எழுதினால் அது ‘ஒருவேளை’ என்ற ஆட்வெர்ப். பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்: ‘மேபி ஹி இஸ் டயர்ட்.’ இடைவெளி விட்டால் ‘மே’ என்ற மோடலும் ‘பி’ என்ற வினையும்: ‘ஹி மே பி டயர்ட்.’ இரண்டாவது வாக்கியத்தில் இடைவெளியை விழுங்கிவிட்டால் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போகும்.

‘நாட்’ இல்லாமலேயே ஆட்வெர்ப் மோடலுக்கு முன்னால் போகும் இடங்களும் உண்டு. ஒன்று, சுருக்கமான பதில். ‘வில் யூ கம்?’ என்று கேட்டால் ‘ஐ ப்ராபப்ளி வில்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ வில் ப்ராபப்ளி’ என்று நிறுத்தினால் பேச்சு பாதியில் அறுந்தது போலிருக்கும். மற்றொன்று, மோடலையே அழுத்திச் சொல்லும்போது. நீங்கள் வருவீர்களா என்று ஒருவர் சந்தேகப்பட்டால், ‘வில்’லில் குரலை ஏற்றி ‘ஐ டெஃபினட்லி வில் கம்’ எனலாம். யாரும் சந்தேகப்படாதபோது ‘ஐ வில் டெஃபினட்லி கம்’ போதும்.