வாசகர் கேள்வி பதில்: பையன் அரசியலுக்குப் போறேன்னு நிக்கிறான்

கேள்வி: வணக்கம் சார், நாங்க பாகூர் பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு 26 வயசு, டிப்ளமோ முடிச்சு சேதராப்பட்டுல கம்பெனி வேலைக்குப் போயிட்டிருந்தான், இப்ப அத விட்டுட்டு கட்சி ஆபீஸே கதின்னு கிடக்கறான். கேட்டா "ஃபாரூக் 29 வயசுல சி.எம். ஆகலையா"ன்றான். அவங்க அப்பா அவன்கிட்ட பேச்ச நிறுத்திட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?
- ஒரு அம்மா, பாகூர்

பதில்: அம்மா, தம்பி சொல்றது உண்மைதான். எம்.ஓ.ஹெச். ஃபாரூக் 1937 செப்டம்பர்ல பொறந்தவர், 1967 ஏப்ரல்ல பாண்டிச்சேரி முதல்வரானப்ப 29 வயசு. ராஜ்யசபாவுக்குப் போகணும்னாலே 30 முடிஞ்சிருக்கணும், அந்த வயசு வராத மனுஷன் ஒரு அரசாங்கத்தையே நடத்துனாரு. ஆனா அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னும் தம்பிய கேளுங்க. 1964-லயே சபாநாயகரா உக்காந்து, ரெண்டரை வருஷம் எல்லா கட்சிக்காரங்க பேச்சையும் கேட்டு, அப்புறம்தான் முதல்வர் நாற்காலி, அதுவும் ஒரு வருஷம் முழுசா நிலைக்கல, 1968 மார்ச்ல போயிடுச்சு. பிறகு 1969-ல தி.மு.க. முதல்வர், 1985-ல காங்கிரஸ் முதல்வர், மூணு தடவ லோக்சபா, சவூதிக்கு தூதர், ஜார்க்கண்ட் கவர்னர், கடைசில கேரள கவர்னரா இருக்கும்போதே 2012 ஜனவரில காலமானாரு. எல்லாரும் அந்த 29 வயசத்தான் பேசறாங்க, எனக்கென்னவோ முதல் மந்திரிசபை போனதுக்கப்புறமும் நாப்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சாரே, அதுதான் பெருசா தெரியுது.

இப்ப நம்ம பாண்டி பசங்களுக்கு கத்துக்க இடமே இல்லம்மா, அதுதான் என் பெரிய கவலை. உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்துச்சு, அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல. 2011-ல அவங்க காலம் முடிஞ்சதும் பத்து வருஷத்துக்கு மேல தேர்தலே இல்லாம 5 முனிசிபாலிட்டி, பல கிராமம் சேந்த 10 கம்யூன் பஞ்சாயத்தையும் அதிகாரிங்களே ஓட்டிட்டு வர்றாங்க. தெருவிளக்கு எரியலன்னாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல், வாய்க்கா அடைச்சாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல். வார்டு மெம்பரா நாலு வேலைய செஞ்சு திட்டு வாங்கி வளர வேண்டிய பிள்ளைங்க பேனர் கட்டறதுலயும் தலைவர் பொறந்தநாளுக்கு பிரியாணி போடறதுலயும் வயச தொலைக்குதுங்க, பாக்கவே வயிறு எரியுது.

அதுக்காக தடுக்காதீங்க. 30 தொகுதிக்கும் சேத்தே சுமார் 10 லட்சம் ஓட்டுதான், தொகுதிக்கு முப்பதாயிரத்து சொச்சம், வீடு வீடா ஜனங்களத் தெரிஞ்சவனுக்கு இங்க ஒரு வழி இருக்கு. ஆனா ஜெயிச்சாலும் நிம்மதி கிடையாது, ரெண்டு மூணு பேர் நகர்ந்தா ஆட்சியே கவிழும், 2021 பிப்ரவரில நாராயணசாமி ஆட்சி கவிழ்ந்தப்ப பாத்தோமே.

வேலைக்குத் திரும்பப் போகச் சொல்லுங்க, இத மட்டும் கண்டிப்பா சொல்லுங்க. சம்பளம் இல்லாத பையன் கட்சில யாராவது பெட்ரோலுக்கு காசு குடுத்தா அவர் ஆளா ஆயிடுவான். சாயந்தரமும் ஞாயித்துக்கிழமையும் ஊர் வேலை பாக்கட்டும், முதியோர் பென்ஷன் மனு எப்படி எழுதறது, ரேஷன் கார்டுல பேர் எப்படி சேக்கறது, தகவல் கேக்கற ஆர்.டி.ஐ. மனு எங்க போடறதுன்னு கத்துக்கட்டும். எலெக்‌ஷன்ல நிக்கிற நாள் வந்தா டெபாசிட் 10,000 ரூபா (எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு அதுல பாதி), ஆறுல ஒரு பங்கு ஓட்டுக்கு மேல வாங்கலன்னா அது போயிடும். அத அவன் சம்பாத்தியத்துல கட்டட்டும், உங்க நிலத்து பத்திரத்த மட்டும் யாருக்காகவும் வெளிய எடுக்காதீங்க. அப்பாவ பேசச் சொல்லுங்கம்மா, வீட்ல பேச ஆள் இல்லாத பையன்தான் கட்சி ஆபீஸ்லயே படுத்துக் கிடப்பான்.

கேள்வி: எனக்கு 22 வயசு சார், காலேஜ் கடைசி வருஷம். நான் கவுன்சிலருக்கு நிக்க முடியுமா?
- மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமா நிக்கலாம்மா. எம்.எல்.ஏ.வுக்குத்தான் 25, கவுன்சிலருக்கு 21 போதும், மாநகராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். கடலூர் 2021-ல மாநகராட்சி ஆச்சு, 2022 பிப்ரவரில 45 வார்டுக்கும் தேர்தல் நடந்து ஒரு பெண்ணே மேயரா வந்தாங்க, தமிழ்நாட்டு உள்ளாட்சில பாதி இடம் பெண்களுக்குத்தான். பாண்டி பசங்களுக்கு இல்லாத வாய்ப்பு இது, விட்றாதீங்க. உங்க வார்டு எந்த இடஒதுக்கீட்டுல வருதுன்னு பாருங்க, வர்ற மழைக்கு எந்தெந்த தெருவுல தண்ணி நிக்குது, அது எந்த வாய்க்கா வழியா கெடிலம் ஆத்துக்குப் போகணும், எங்க அடைச்சிருக்குன்னு நடந்து பாத்து எழுதி வைங்க, ஓட்டு கேக்கப் போறப்ப ஜனங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க.