மீட்டிங்கில் குறிப்பெடுப்பது யார் வேலை? வேலைக்குப் போகும் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் டீமில் நான் ஒருத்திதான் பெண். மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, பிரிவு உபசார ஏற்பாடு, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். முடியாது என்றால் திமிர் பிடித்தவள் என்பார்களோ?

பதில்: பெண்களுக்கு இதெல்லாம் பிடிக்கும், அவர்களாகவே செய்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லண்ட் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழுவில் யாராவது ஒருவர் தனக்குக் குறைந்த பலன் தரும் வேலையை ஏற்றால்தான் மற்றவர்களுக்கு லாபம். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள்தான் அதிகம் முன்வந்தார்கள். ஆனால் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களைப் போலவே, வேலை நடந்தது! அதாவது ஆண்களும் செய்வார்கள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவளும் சேர்த்துத்தான்.

அதனால் மொட்டையாக மறுக்காமல், "இதுவரை நான் எடுத்தேன், இனி முறை வைத்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் இருக்கும்போதே சொல்லுங்கள். தனியாக மேலாளரிடம் சொன்னால் அது புகார் மாதிரி ஆகிவிடும். வாரம் எத்தனை மணி நேரம் இதில் போகிறது என்று எழுதி வையுங்கள், அப்ரைசலில், அதாவது பணி மதிப்பீட்டில், இதற்கு மதிப்பு உண்டா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், முறை வைக்கச் சொல்ல வேறு காரணமே தேவையில்லை.

கேள்வி: அப்ரைசலில் எனக்கு 'பேச்சு கடுமை'. என்னைவிடச் சத்தமாகப் பேசும் ஆண் ஊழியருக்கு 'தலைமைப் பண்பு'!

பதில்: படிக்கவே கோபம் வருகிறது, அதுவும் இது எத்தனை பழைய கதை! அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் 1982இல் தன் நிறுவனத்தில் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டார், 88 பேரில் ஒரே பெண், பெரிய ஒப்பந்தம் கிடைக்க உழைத்தவர். பதவி வரவில்லை. பெண்மையோடு நட, பேசு, மேக்கப் போடு, நகை போடு என்று அறிவுரைதான் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வைத்துப் பதவியை மறுப்பதும் பாலினப் பாரபட்சம்தான் என்று 1989இல் தீர்ப்பு வந்தது.

நீங்கள் கேட்க வேண்டியது: எந்த மீட்டிங், என்ன சொன்னேன், அதனால் வேலை எங்கே கெட்டது? உண்மையிலேயே குறை இருந்தால் உதாரணம் வரும், திருத்திக்கொள்ளலாம். வரவில்லையென்றால் அந்த வரியை நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து திரும்பி வந்த பிறகு பெரிய ப்ராஜெக்ட் எதுவும் தருவதில்லை. "உனக்கு ஏன் சிரமம்" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

பதில்: அன்பாகச் சொல்வதால்தான் எதிர்த்துப் பேச முடியாமல் போகிறது. சமூகவியலாளர் ஷெல்லி கோரல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி சமமாக உள்ள விண்ணப்பங்களில் தாய் என்று தெரிந்தவருக்குத் திறமை மதிப்பீடும் குறைந்தது, அவருக்குத் தரலாம் என்று சொன்ன சம்பளமும் குறைந்தது. தந்தை என்று தெரிந்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும், சம்பள இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகுதான் பெரிதாகிறது என்று காட்டியவர். எந்த நேரம் உங்களால் முடியும், எது முடியாது என்று நீங்களே எழுதிக் கொடுத்து, அடுத்த ப்ராஜெக்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வளர்ந்த நாடுகளில் இதெல்லாம் தீர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். சமத்துவத்தில் முன்னணி நாடு என்று பெயர் வாங்கிய பிறகும் 2023இல் மறுபடி ஒரு நாள் நிறுத்த வேண்டியிருந்தது, அன்றைய பெண் பிரதமரும் சேர்ந்துகொண்டார். ஜப்பானில் ஹை ஹீல்ஸ் கட்டாயத்துக்கு எதிராக 2019இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஊருக்கு ஊர் வடிவம்தான் மாறுகிறது.

கேள்வி: ஞாயிறு மாலை ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லையோ?

பதில்: அப்படி நினைக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதை, சரியாகக் கையாளப்படாத தொடர் பணி அழுத்தத்தின் விளைவு என்றுதான் விளக்கியது. வேலைப் பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம் என்று ஆய்வாளர் ராபர்ட் காராசெக் 1979இலேயே எழுதினார். முதலில் டாக்டரைப் பாருங்கள். படபடப்புக்கு தைராய்டு, ரத்தசோகை போன்ற காரணங்களும் இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் வேலையில் நீங்களே முடிவெடுக்கக்கூடிய ஒன்றை, கெடு தேதியோ வேலை நேரமோ, மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மேலாளரின் பதிலுக்காகக் காத்திருக்காமல் மருத்துவ விடுப்பு எடுங்கள்.